நித்தியகல்யாணி வேரைக் குடுவையிலேயே வளர்க்கிறார்களாமே, உண்மையா?

சாயல்குடி சம்சாரி | ஞாயிறு, இரவு 8.12

எல்லோருக்கும் வணக்கம். சாயல்குடிக்குத் தெற்கே, ராத்திரியில் கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கிறேன். மணல் பூமி. பனையைத் தவிர எதை வைத்தாலும் வானத்தைப் பார்த்துக் கையேந்த வேண்டிய நிலம். அதனால் பத்து வருசமாக நிலாவரையும் நித்தியகல்யாணியும்தான், இரண்டும் மருந்துக்குப் போகிற செடி. நித்தியகல்யாணியில் ஆடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. இலையை உலர்த்தித் தனியாகக் கொடுப்போம். கடைசியில் செடியைப் பிடுங்கி, வேரை வெட்டித் தனியாகக் கொடுப்போம்.

இந்த முறை யாவாரி வேரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போன வருச விலையை விட ரொம்பக் குறைத்துக் கேட்டார். ஏன் என்றால் செல்போனில் ஒரு வீடியோ காட்டுகிறார். கண்ணாடிக் குடுவைக்குள் இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று வேர். மண் இல்லை, இலை இல்லை, தண்டு இல்லை. "இனிமே ஜீனை மாத்தி லேப்லயே வேர் வளக்குறாங்க, உங்க வேர யாரு கேக்கப் போறா" என்கிறார்.

செடியே இல்லாமல் வேர் மட்டும் வளருமா? வளர்ந்தால் எங்கள் பாடு என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சரக்கு இன்னும் களத்தில்தான் கிடக்கிறது.

பரமக்குடி ராட்டை | ஞாயிறு, இரவு 8.40

யாவாரி விலை குறைப்பதற்குக் காரணம் சொல்வது புதுசா அண்ணே? போன தடவை மழை, அதுக்கு முந்தி கொரோனா, இப்போ ஜீன். அடுத்த வருசம் செவ்வாய்க் கிரகத்தில் விளைகிறது என்பார்.

குடுவைக்காரி | ஞாயிறு, இரவு 10.05

சம்சாரி அண்ணே, எனக்குச் சொந்த ஊர் தொண்டி. ஆராய்ச்சிப் படிப்பில் ஐந்து வருசம் இந்தக் குடுவைகளோடுதான் குடித்தனம் நடத்தினேன், அதுவும் நித்தியகல்யாணி வேரை வைத்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் யாவாரி காட்டிய படம் உண்மை. அதை வைத்து அவர் போட்ட கணக்குதான் தப்பு.

மண்ணில் அக்ரோபாக்டீரியம் ரைசோஜெனிஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. பெயரை ரைசோபியம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. செடியில் காயம் பட்டால் அந்தச் சாற்றின் சைகையைப் பிடித்து இது வந்து ஒட்டிக்கொள்ளும். தன்னிடம் உள்ள ஆர்ஐ பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்திலிருந்து ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பும். அந்தத் துண்டு செடியின் சொந்த டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். அதில் ரோல் என்று சொல்லும் சில மரபணுக்கள் இருக்கின்றன. அவை வேலையைத் தொடங்கினால் அந்த இடத்திலிருந்து வேர் கிளம்பும், கொத்துக் கொத்தாக.

பாக்டீரியாவுக்கு இதில் என்ன லாபம்? அதே துண்டில் ஓப்பைன் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுவும் இருக்கிறது. அது செடிக்கு உதவாது, இந்தப் பாக்டீரியாவுக்குத்தான் தீனி. அடுத்தவன் வீட்டு அடுப்பில் தனக்குச் சோறு பொங்கிக்கொள்கிற கில்லாடி. முதலில் இதை ஒரு பயிர்நோயாகத்தான் பார்த்தார்கள். வேரின் செல்லுக்குள்ளேயே பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கிறது என்று 1982இல் நிரூபித்த பிறகுதான் இதை வேலைக்கு வைக்கலாமே என்ற யோசனை ஓடத் தொடங்கியது.

நாங்கள் செய்வது இதுதான். கிருமி நீக்கிய இளம் இலையை ஊசியால் குத்தி, பாக்டீரியாக் கரைசலில் முக்கி, இரண்டு நாள் ஒன்றாக விடுவோம். அப்புறம் செஃபோடாக்சிம் மருந்து கலந்த வளர்ப்பு ஊடகத்துக்கு மாற்றிப் பாக்டீரியாவைக் கொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் குத்திய இடத்தில் வேர் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு வேர் நுனியையும் வெட்டித் தனித்தனியாக வளர்ப்போம், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு தனி வம்சம். ஒன்று சரக்கு நிறையத் தரும், பக்கத்தில் முளைத்தது சோம்பேறியாக இருக்கும்.

சாதாரண வேரை வெட்டிச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நாளில் நின்றுவிடும். இது நிற்காது. ஹார்மோன் ஊற்ற வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கொடுத்து ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், மூன்று நான்கு வாரத்தில் போட்ட எடையைப் போலப் பத்து மடங்கு வரும். கீழே இறங்க வேண்டும் என்ற புத்தியும் அதற்கு இல்லை, பக்கவாட்டிலேயே பின்னிக்கொண்டு போகும். அதுதான் உங்களுக்கு இடியாப்பமாகத் தெரிந்தது.

விலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாளைக்கு எழுதுகிறேன். பிள்ளை தூங்கவில்லை.

முண்டு மிளகாய் | ஞாயிறு, இரவு 10.31

அக்கா, இதுக்குத் தமிழில் என்ன பெயர்?

குடுவைக்காரி | திங்கள், காலை 6.50

ஆய்வகத்தில் ஹேரி ரூட் என்போம். தமிழில் சொல்லப்போனால் மயிர்வேர். முதல் கருத்தரங்கில் அப்படிச் சொல்லி, முன் வரிசையில் இருந்த பையன்கள் சிரித்த சிரிப்பில் அதோடு விட்டுவிட்டேன்.

தீவுக்காரன் | திங்கள், காலை 7.15

சடைவேர் என்று வையுங்கள் அம்மா. ராமேஸ்வரம் ரத வீதியில் உட்கார்ந்திருக்கும் சாமியார்கள் தலை அப்படித்தான் இருக்கும்.

குடுவைக்காரி | திங்கள், காலை 7.22

பிரமாதம் ஐயா. இனி இங்கே சடைவேர்தான்.

பனங்காட்டு நரி | திங்கள், காலை 9.48

பெயர் வைத்துக் கொண்டாடுவது இருக்கட்டும். ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் ஏற்றுவது மரபணு மாற்றமா இல்லையா? 2010இல் பிடி கத்தரிக்காயை எதற்கு நிறுத்தி வைத்தார்கள்? "இயற்கையில் நடக்கிறது" என்று சொல்லித்தான் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறார்கள். நாளைக்கு இந்தச் சடைவேர் நம் பொட்டலில் முளைத்தால் யார் பொறுப்பு?

குடுவைக்காரி | திங்கள், மதியம் 1.20

மரபணு மாற்றம்தான், மறைக்கவில்லை. நம் நாட்டில் இதுவும் மரபணு மாற்றிய உயிர்களுக்கான 1989ஆம் வருச விதிகளுக்குக் கீழேதான் வருகிறது. ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனத்திலும் இருக்கிற உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் பிடி கத்தரி வயலில் நட வேண்டிய பயிர், மகரந்தம் பறக்கும். சடைவேரில் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. மூடிய குடுவைக்குள்கூடச் சர்க்கரை இல்லாமல் ரொம்ப நாள் தாங்காது. உங்கள் பொட்டலில் கொண்டுவந்து கொட்டினால் மத்தியானத்துக்குள் கருவாடு.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சில வகைச் செடிகளில் சடைவேரிலிருந்து முழுச் செடியை எழுப்ப முடியும். அப்படி எழுப்பி வெளியே நட்டால் உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. குள்ளமாக, சுருங்கிய இலையோடு வரும் அந்தச் செடிகளை அலங்காரச் செடியாக்கவும் முயல்கிறார்கள்.

அப்புறம், பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றீர்களா அண்ணே? 2015இல் 291 ரகங்களைச் சோதித்தார்கள். பயிரிடுகிற எல்லா ரகத்திலும் அக்ரோபாக்டீரியத்தின் டிஎன்ஏ துண்டு இருந்தது. மனுசன் யாரும் ஏற்றியதில்லை, எந்தக் காலத்திலோ தானாக ஏறியது.

பனங்காட்டு நரி | திங்கள், மதியம் 2.02

கிழங்கு ஆயிரக்கணக்கான வருசம் மனுசன் தின்று சோதித்தது. குடுவை அப்படி இல்லை. ஆனாலும் கிழங்கு விசயம் எனக்குப் புதிது, தேடிப் பார்க்கிறேன்.

குடுவைக்காரி | திங்கள், இரவு 9.30

இப்போது விலை விசயம்.

நித்தியகல்யாணியின் இலையில்தான் புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இருக்கின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பார்கள். அந்த மருந்து இரண்டு பாதிகள் சேர்ந்து உருவாவது. ஒரு பாதி கதராந்தின், அது வேரிலும் உண்டு. மறு பாதி விண்டோலின். அதை முடிக்கிற கடைசிக் கட்ட வேலை இலையின் குறிப்பிட்ட செல்களில்தான் நடக்கிறது, வேர் அதைச் செய்வதில்லை. ஆகவே சடைவேரை எத்தனை வருசம் ஆட்டினாலும் வின்பிளாஸ்டின் கொட்டாது. உங்கள் இலைக்கு இந்தக் குடுவை போட்டியே இல்லை.

வேருக்கு விலை வருவது அஜ்மலிசினுக்காக, ரத்த ஓட்ட மருந்துக்குப் போவது. அதைச் சடைவேர் தயாரிக்கும், நானே அளந்திருக்கிறேன். ஆனால் குடுவையில் 50 மில்லி வளர்ப்பது வேறு, ஆயிரம் லிட்டர் தொட்டியில் வளர்ப்பது வேறு. பால் மாதிரி குழாயில் ஊற்ற முடியாது, வேர் பந்தாகப் பின்னிக்கொள்ளும். கலக்கினால் அறுபடும். கலக்காவிட்டால் பந்தின் நடுவில் காற்று போகாமல் பழுப்பாகிச் சாகும். சத்துநீரைப் பனிபோலத் தூவும் தொட்டி, அடியிலிருந்து காற்றுக் குமிழி விடும் தொட்டி என்று என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார்கள். எல்லாம் காசு. எங்கள் ஆய்வகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காமல், ஆட்டும் மேடை நின்றுவிட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் புளித்த மாவு வாசம். எட்டு மாத வம்சங்கள், பாதி போச்சு. அன்றைக்கு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சூரியனும் மணலும் சும்மா செய்து தருகிற வேலையை கரண்டு பில் கட்டிச் செய்தால், கிலோக் கணக்கில் விற்கிற வேரோடு போட்டி போட முடியாது. நித்தியகல்யாணி வேர்ச் சந்தையைப் பிடிக்கிற அளவுக்குச் சடைவேர் வளரவில்லை. உங்கள் யாவாரி பயம் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

பயப்படத்தான் வேண்டும் என்றால் ஈஸ்ட்டைப் பார்த்துப் பயப்படுங்கள். இட்லி மாவில் பொங்குகிற கூட்டத்தின் சொந்தக்காரன். 2022இல் ஈஸ்ட்டுக்குள் ஏகப்பட்ட மரபணுக்களை ஏற்றி, விண்டோலின், கதராந்தின் இரண்டையுமே உண்டாக்கிவிட்டார்கள்.

கீழக்கரை காக்கா | திங்கள், இரவு 10.15

நான் அந்தப் பக்கத்து ஆள், அதாவது யாவாரி. என்னை அடிக்க வராதீர்கள். 20 வருசத்துக்கு மேல் மூலிகைச் சரக்கு.

தம்பி சம்சாரி, உங்கள் வேரைச் சல்லடையில் போட்டீர்களா? கேட்பது ஏன் என்றால், நம் மணல் பூமி வேரில் ஒட்டுகிற மண் எடையில் ஏறும். ஈரம் ஏறும். அவசரத்தில் வெட்டினால் தண்டுக் கட்டையும் சேர்ந்து வரும். வாங்குகிற கம்பெனி ஒரு பிடி எடுத்துப் பொடித்து, சாம்பல் எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் பில் போடும். அங்கே அடி வாங்கிய யாவாரி இங்கே வந்து ஜீன் கதை சொல்வார். கதை சொல்லாமல் சல்லடையைக் கையில் கொடுத்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

முண்டு மிளகாய் | செவ்வாய், காலை 6.10

அக்கா, மருந்து கம்பெனி கதை இருக்கட்டும். இந்தச் சடைவேரால் எங்களை மாதிரி முதுகுளத்தூர் பக்கத்து மிளகாய்க்காரனுக்கு ஏதாவது உண்டா?

குடுவைக்காரி | செவ்வாய், காலை 7.05

உண்டு தம்பி, நீங்கள் ஏற்கெனவே கையில் பிடித்திருக்கலாம். நாற்றங்காலுக்கு வேம் போடுவீர்களே, வேர் உட்பூசணம்? அந்தப் பூசணம் உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. முன்பெல்லாம் தொட்டியில் மக்காச்சோளம் வைத்து, அதன் வேரில் ஏற்றித்தான் பெருக்குவார்கள். இன்றும் அப்படிச் செய்கிறார்கள், வெர்மிகுலைட் என்ற தாதுத் துகளோடு வருகிற பாக்கெட் பெரும்பாலும் அந்த வகை.

இன்னொரு வழி கேரட்டின் சடைவேர். 1980களில் வெளிநாட்டில் கண்டுபிடித்தது. கண்ணாடித் தட்டில் கேரட் வேரை வளர்த்து அதில் பூசணத்தை ஏற்றினால், வேறு எந்தக் கிருமியும் கலக்காத சுத்தமான வித்துகள் கிடைக்கும். தட்டை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் வேர், மறு பக்கம் பூசணம் மட்டும் தாண்டிப் போகும்படி வைப்பார்கள். நம் நாட்டில் டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் வேர் வளர்ப்பு முறையில் பூசணம் பெருக்கி, அந்தத் தொழில்நுட்பத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

என்னைக் கேட்டால் சடைவேர் உலகத்துக்குச் செய்த பெரிய உபகாரம் மருந்தை விட இதுதான். ஆனால் இதைச் சொன்னால் எவனும் வீடியோ எடுக்க மாட்டான்.

முண்டு மிளகாய் | செவ்வாய், காலை 7.40

அட! போன வருசம் வாங்கியது மைதா மாதிரி நைசாக இருந்தது. ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். போய் ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும்.

மண்டபம் பாசி | செவ்வாய், மாலை 5.30

எங்கள் ஊரில் இறால் ஓட்டை மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறார்கள், கைட்டோசான் எடுக்கவாம். அதுவும் இந்த வேருக்குப் பயன்படும் என்று ஒருவர் சொன்னார். கடல் ஓட்டுக்கும் செடி வேருக்கும் என்ன சம்பந்தம்?

குடுவைக்காரி | செவ்வாய், இரவு 8.45

சரியாகச் சொல்லியிருக்கிறார். பூஞ்சையின் தோலிலும் இறால் ஓட்டிலும் ஒரே குடும்பத்துப் பொருள்தான். குடுவையில் ஒரு சொட்டு கைட்டோசான் விட்டால் வேர் "பூஞ்சை தாக்குகிறது" என்று ஏமாந்துபோகும். எதிர்த்து நிற்க நஞ்சைச் சமைக்கும். அந்த நஞ்சுதான் நமக்கு மருந்து. ஜாஸ்மோனிக் அமிலம், ஈஸ்ட் சாறு இவற்றையும் இதே தந்திரத்துக்குப் பயன்படுத்துவார்கள். அதிகம் விட்டால் வேர் வளர்வதை நிறுத்திவிடும், அளவு பார்த்து மிரட்ட வேண்டும். சம்சாரி அண்ணனின் யாவாரி மாதிரி.

தீவுக்காரன் | புதன், காலை 5.55

நான் ஓய்வு பெற்ற வாத்தியார், ராமேஸ்வரம் தீவு. மூன்று நாளாகப் படித்துக்கொண்டு இருக்கிறேன். இந்தக் கரையில் வேருக்கு நடந்த ஒரு பழைய கதை உங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லையே.

சாயவேர். மருந்துக்கு இம்பூறல் என்போம். மணலோடு படர்ந்து கிடக்கும், பூ பொடிப்பொடியாக வெள்ளை. தரைக்கு மேலே ஒரு சாண்கூட இருக்காது, கீழே வேர் நூல் மாதிரி நீளமாக இறங்கும். அதன் பட்டையில் சிவப்பு. துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து, படிகாரம் எழுதி, சாயவேர் போட்டுக் கொதிக்க வைத்தால் வருகிற சிவப்பு, வெளுக்க வெளுக்கத் துலங்கும். சோழமண்டலக் கரைத் துணி ஐரோப்பா வரை போனது அந்தச் சிவப்பால்தான். இந்தப் பக்கமும் அக்கரையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கமும் அதைத் தோண்டியே பிழைத்த குடும்பங்கள் இருந்தன. டச்சுக்காரன் காலத்தில் இலங்கையில் சாயவேர் அரசாங்கத்தின் கையில் இருந்த பண்டம்.

அந்தச் சிவப்பின் பெயர் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் இரண்டு வேதியியலாளர்கள், கிரேபே, லீபர்மான், அதைச் செயற்கையாகச் செய்தார்கள். அடுத்த வருசமே தொழிற்சாலை முறை வந்துவிட்டது. ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்துச் சாயச்செடி வயல்கள் சில வருசத்தில் காலி. இங்கே தோண்டுகோலை எறிந்துவிட்டு எத்தனை பேர் கப்பல் ஏறினார்களோ, கணக்கு எழுதியவர் இல்லை.

அம்மா குடுவைக்காரி, "கட்டுப்படியாகாது, பயப்படாதீர்கள்" என்று சொல்கிறீர்கள். 1867இல் ஒருவர் வந்து கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

குடுவைக்காரி | புதன், இரவு 9.10

ஐயா, பகல் முழுக்க இதற்குப் பதில் யோசித்தேன்.

நீங்கள் சொல்வது சரி. எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1983இல் ஜப்பானில் இன்னொரு சிவப்பு வேர், அதன் சாயம் ஷிகோனின், செல் வளர்ப்பில் எடுத்து உதட்டுச் சாயத்தில் போட்டே விற்றார்கள். அந்த வேர் காட்டில் அரிதாகி, விலை ஏறிக் கிடந்ததால் கட்டுப்படியானது. மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினின் கதை அதற்கு நேர்மாறு. 2013இல் ஈஸ்ட் வழியாகப் பெரிய தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். வயலில் விளைந்தது அதை விட மலிவாகக் கிடைக்கவே தொழிற்சாலை கைமாறிப் போனது. வேர் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கிற வரைக்கும் குடுவை தோற்கும். அது எதுவரைக்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. "பயப்படாதீர்கள்" என்றது அவசரம்.

ஆனால் சாயவேர் மாதிரி, அமுக்கரா மாதிரி, கொடிவேலி மாதிரி, வேருக்காகச் செடியையே கொன்று எடுக்கிற இடங்களில் சடைவேர் வந்தால் நான் சந்தோசப்படுவேன். கொடிவேலியின் மருந்துச் சத்தான பிளம்பாஜின் வேரில்தான் அதிகம். காட்டில் இருப்பதைப் பிடுங்கிப் பிடுங்கி எத்தனை நாள்?

பனங்காட்டு நரி | புதன், இரவு 9.55

சந்தோசப்படுங்கள். அந்த முதல் இலை யார் நிலத்துச் செடியில் பறித்தது? அதை வைத்துக் கம்பெனி காசு பார்த்தால் ஊருக்கு என்ன பங்கு?

பரமக்குடி ராட்டை | புதன், இரவு 10.20

அதற்குச் சட்டம் இருக்கிறது, 2002ஆம் வருசப் பல்லுயிர்ச் சட்டம். தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தப் பதிவேட்டைக் கேட்டேன், பீரோ சாவி எங்கே என்று தேடுகிறார்கள். 2023 திருத்தத்தில் சாகுபடி செய்த மூலிகைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சம்சாரி அண்ணன் போட்டது சாகுபடிக் கணக்கில்தான் வரும்.

பனங்காட்டு நரி | புதன், இரவு 10.24

ஆக, இம்பூறலுக்குப் பங்கு கேட்கலாம், நித்தியகல்யாணிக்குக் கேட்க முடியாது. நல்ல சட்டம்.

சாயல்குடி சம்சாரி | ஞாயிறு, இரவு 7.30

ஒரு வாரமாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும். காக்கா சொன்னபடி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வேரை உதறிச் சல்லடையில் போட்டோம். சல்லடைக்குக் கீழே விழுந்த மணலைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, ஒரு சிமெண்டு மூட்டைக்குக் கிட்ட. தண்டுக் கட்டையைத் தனியாகப் பிரித்தோம். இரண்டு நாள் நல்ல வெயில்.

அதே யாவாரி வந்தார். குடுவை வீடியோவை மறுபடி எடுத்தார். "இதில் அஜ்மலிசின் வரும், விண்டோலின் வராது, தெரியுமா" என்றேன். செல்போனைப் பையில் வைத்துவிட்டார். போன வருச விலை வரவில்லை, ஆனால் முதலில் கேட்டதற்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றது. கொடுத்துவிட்டேன்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று. என் அப்பத்தாவிடம் இம்பூறல் என்றதும் எழுந்து போய்க் கிணற்று மேட்டுக்குப் பின்னால் காட்டியது. இத்தனை வருசம் அதை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன். ஒரு செடியைத் தோண்டினேன், ஒரு முழத்துக்கு மேல் இறங்கி அறுந்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் மஞ்சள்தான் தெரிகிறது, சிவப்பைக் காணோம். படிகாரம் போட்டால்தான் வருமா? பக்குவம் தெரிந்தால் எழுதுங்கள் ஐயா. நாளைக்குப் போட்டோ போடுகிறேன், இப்போது மேற்கே மின்னுகிறது, களத்தில் நிலாவரை காய்கிறது.